சுவர் வேர்க்கும் ஊரில் ஒரு நூதனசாலை

“உங்கட வீட்டுச் சுவர் வேர்க்குமோ, பிள்ளை?”

ஞானேஸ்வரி பதுளைக் கட்டட வேலைக் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. கதிரையை மேசைக்கு இழுத்துப் போடக்கூட இல்லை. அதற்குள் எதிரே வந்து நின்று இப்படிக் கேட்டார் இரகுநாதன். பாலம், பாடசாலை, பொலிஸ் நிலையம் என்று அந்தக் கந்தோர் கட்டுகிற எல்லாவற்றுக்கும் பிளான் கீறுகிற படவரைஞர். ஐம்பதை நெருங்கும் மனிதர். காதிலே பென்சில், கழுத்திலே அளவுநாடா.

அவள் பதில் சொல்லவில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாத பெண். அதிலும் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வதென்று யாருக்குத் தெரியும்? தமிழ் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து அவர் அதையே இங்கிலீஷில் இன்னொரு தரம் கேட்டார். விளங்கியது என்று அவள் தமிழில் சொன்னாள். மழைக்காலத்தில் குசினிச் சுவர் வேர்க்கும் என்றாள்.

எந்தப் பக்கத்துச் சுவர் என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து, கிழக்கு என்றாள். பூஞ்சணம் பிடிக்குமா என்று கேட்டார். அலுமாரிக்குப் பின்னால் பிடிக்கும், அம்மா துடைத்துவிடுவா என்றாள்.

“துடைக்கிறவவோ?” செத்த வீட்டுச் செய்தி கேட்டவர்போல முகம் மாறிவிட்டது அவருக்கு. “எல்லா வீட்டிலையும் இதுதான் கரைச்சல். ஆரும் பார்க்க முதல் துடைச்சுப்போடுகினம். இந்த வருஷம் மட்டும் துடைக்காமல் விடச்சொல்லி அம்மாவிட்டைக் கேக்கேலுமோ?”

எதற்கு என்று கேட்டாள். நூதனசாலைக்கு என்றார். பதுளையில் ஏது நூதனசாலை என்று கேட்டாள்.

“இன்னும் இல்லை,” என்றார், அதை ஒரு பெரிய குறையாக எடுக்காமல். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தடித்த கடதாசியை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று பட்டை நீர்வர்ணம் பூசிய கடதாசி. அதைக் குசினியின் கிழக்குச் சுவரில் தொங்கவிட வேண்டும், தொடக்கூடாது, ஞாயிறுதோறும் பார்த்துத் திங்கட்கிழமை வந்து சொல்ல வேண்டும். முதல் நாளே மூத்தவர் ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்லும் வாய் அவளுக்கு இல்லை. வாங்கிக்கொண்டு போனாள். அது 1957ஆம் வருஷம். அந்தக் கடதாசியோடு அவள் எத்தனை மழைக்காலம் குடித்தனம் நடத்தப்போகிறாள் என்று அன்றைக்கு யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் ஊருக்கே திரும்பிப் போகும்போது, தான் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களையும், ஆஸ்பத்திரிக்கு மேலே சரிவில் இருந்த காணித்துண்டு ஒன்றையும் பதுளைக்கென்று விட்டுப்போனார். ஓவியங்களை வைக்க அந்தக் காணியில் ஒரு நூதனசாலை கட்ட வேண்டும். 1959 முடிவதற்குள் பிளானுக்கு ஒப்புதல் கிடைக்காவிட்டால், காணி பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விடும். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு சபை அமைந்தது. சபை கந்தோரைக் கேட்டது. கந்தோர் இரகுநாதனைக் கைகாட்டியது. மனிதர் பாடசாலைக்கு ஒரு கிழமையில் பிளான் கீறுவார். நாலு சுவர், ஒரு கூரை, வாசலில் ஒரு பெயர்ப்பலகை. இதிலே என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இரகுநாதனோ கீறவில்லை. ஆராய்ந்தார்.

கொழும்பிலிருந்து கட்டடக்கலைச் சஞ்சிகைகளை இரவல் வாங்கிப் படித்தார். ஐரோப்பாவில் கண்ணாடியிலே நூதனசாலை கட்டுகிறார்கள் என்று போட்டிருந்தது. அந்தக் கண்ணாடியை இங்கே வைத்தால் கார்த்திகை மாதம் உள்ளே இருக்கிறவனுக்கு வெளியும் தெரியாது, வெளியே இருக்கிறவனுக்கு உள்ளும் தெரியாது என்று சஞ்சிகையோடேயே சண்டை பிடித்தார். இந்த ஊரில் ஓவியத்துக்கு எமன் ஈரம். அது எங்கே, எந்தச் சுவரில், எந்த மழையில் ஏறுகிறது என்று தெரியாமல் ஒரு கோடும் கீறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குத்தான் அந்த மூன்று பட்டைக் கடதாசிகள். பதுளை ரயில் நிலையத்தில் ஒன்று, அரசாங்கக் கச்சேரியின் பழைய கோப்பு அறையில் ஒன்று, பெரகலச் சந்திக் கடையில் ஒன்று, கொஸ்லந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் ஒன்று என்று மாகாணம் முழுக்கத் தொங்கவிட்டார்.

அவை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ரயில் நிலையத்தில் கடதாசியின் மேலேயே நேர அட்டவணையை ஒட்டிவிட்டார்கள். பெரகலக் கடைக்காரர் கருவாடு சுற்றிக் கொடுத்துவிட்டு, நல்ல தடிப்பான கடதாசி, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கச்சேரிக் கடதாசியைக் கரப்பான் தின்றது. ஒவ்வொரு முறையும் இரகுநாதன் கோபப்படாமல் புதிதாக ஒன்று பூசி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவர் கோபப்பட்டிருந்தால் மற்றவர்கள் பொறுத்துப்போயிருக்கலாம். அந்தப் பொறுமைதான் யாராலும் தாங்க முடியாததாக இருந்தது.

ஞானேஸ்வரியின் வீட்டுக் கடதாசி மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் தொங்கியது. அப்பா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி. அவர், விஞ்ஞானம்தானே, இருக்கட்டும் என்றார். குசினி அப்பாவுடையது அல்ல. மாவிடிக்கும் நேரமெல்லாம் அம்மா அந்தச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டா. பெண் பார்க்க வந்தவர்கள் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, இது என்ன கட்சிக் கொடியா என்று கேட்டுவிட்டுப் போன பிறகு, அம்மா பெருமூச்சை நிறுத்திப் பேசத் தொடங்கினா.

கந்தோரில் நிலைமை இதைவிட மோசம். சபைக்கு அறிக்கை வேண்டும். கொழும்புக்கு அனுப்ப இங்கிலீஷில் ஒன்று, சபையில் இங்கிலீஷ் வாசியாதவர்களுக்குத் தமிழில் ஒன்று. இரண்டு பாஷையும் படித்த பெண் கந்தோரில் ஞானேஸ்வரி ஒருத்திதான். ஆகவே இரகுநாதன் மனம் மாறும்போதெல்லாம் அவள் இரண்டு பாஷையிலும் மனம் மாற வேண்டியிருந்தது. ‘வடக்கு வெளிச்சம்’ என்ற பகுதியை அவள் திருப்பித் திருப்பி அடித்ததில், அப்படி ஒரு வெளிச்சமே உலகத்தில் இல்லாமல் போகக்கூடாதா என்று வேண்டிக்கொண்டாள்.

சபையின் செயலாளர் ஷுக்ரி. கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருந்த நல்ல மனிதர். மாதம் ஒரு தடவை கந்தோருக்கு வந்து பிளானைக் கேட்பார். அவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் செய்தி காத்திருக்கும். ஒரு மாதம் பிளானில் ஒரு பிள்ளைக்காம்பரா முளைத்திருந்தது. தோட்டத்துப் பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடமல்லவா அது, ஓவியம் பார்க்கிற இடத்தில் அதற்கு என்ன வேலை என்று ஷுக்ரி கேட்டார். உத்திரத்தில் சேலைத் தொட்டில் கட்டக் கொளுக்கிகூடப் போட்டிருக்கிறேன் பாருங்கோ என்று இரகுநாதன் காட்டினார்.

“மாஸ்டர்,” என்றார் ஷுக்ரி, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து. “நீங்க இத முடிக்கிற நேரம், நாங்க எல்லாரும் உள்ளுக்கு வைக்கிற சாமானாப் போயிருவோம்.”

இரகுநாதனும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னதைத்தான் ஞானேஸ்வரி பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள், பெரும்பாலும் எரிச்சலோடு. “இண்டைக்கு ஆர் வருவினம் எண்டு பார்த்துக் கட்டினா, சபைக்காரரும் அவையின்ர பெண்சாதிமாரும்தான் நாடகம் பார்க்க வாறமாதிரி வருவினம். இது அவைக்கில்லை. இன்னும் அம்பது வருஷத்தில லயத்துப் பிள்ளையள் படிச்சு, பஸ் பிடிச்சு, பிள்ளைகுட்டியோட வருங்கள். அதுகள் வரேக்கை படம் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவேணும். அதுகளுக்கு இது வேற ஆரோவின்ர வீடு எண்டு இருக்கப்படாது. அவ்வளவுதான் நான் கேக்கிறது.”

அவ்வளவுதானாம். அந்த வருஷம், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமையே இல்லை. அவர்களுக்குத் தொட்டில் கொளுக்கி போட்டுக்கொண்டிருந்தார் இவர்.

அவருடைய மனைவி குணமணியைத் தேர்த் திருவிழாவில் ஞானேஸ்வரி ஒருமுறை சந்தித்தாள். அம்மா நாசூக்காகக் கடதாசிப் பேச்சை எடுத்தா. குணமணிக்கு அது போதுமாக இருந்தது. “எங்கட வீட்டில எட்டுத் தொங்குது,” என்றா. “என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கும் இந்த மனிசன் எங்கட வீட்டுச் சுவரைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தவர். கல்லுச் சுவரோ, மண் சுவரோ எண்டு அப்பாவைக் கேட்டவர். சுவர் பிடிச்சுது, என்னைக் கட்டிக்கொண்டார்.”

1959 ஆடியில் ஒருவழியாகப் பிளான் முடிந்தது. ஞானேஸ்வரிக்கு நம்ப முடியவில்லை. ஆனால் அது உண்மையிலேயே ஒழுங்கான பிளான், அதை அவளும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெற்கே ரோட்டிலிருந்து வாசல். நடுவிலே முற்றம், அதைச் சுற்றி அறைகள். கிழக்கிலே, வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து அடிக்கிற பக்கத்தில், இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவில் காற்றோட ஓர் இடைவெளி. மேற்கிலே திறந்த விறாந்தை, பிள்ளைக்காம்பரா, மலையைப் பார்த்தபடி உட்கார வாங்குகள். வருகிறவர்கள் வாசலில் வலக்கைப் பக்கம் திரும்பிக் கிழக்கு அறைகளுக்குள் போக வேண்டும். அறைக்கு அறை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கண் பழகிக்கொள்ளும். கடைசியில் மேற்கு விறாந்தைக்கு வந்து இளைப்பாறலாம்.

கொடுத்துவிட்டிருந்தால் அன்றைக்கே நிறைவேறியிருக்கும். கொடுக்கவில்லை. ஒருமுறை ஆட்களை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் இரகுநாதன்.

கொஸ்லந்தத் தொழிற்சாலையில் முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடி ஒன்று வேலையில்லாமல் கிடந்தது. தோட்டத்தில் அனுமதி வாங்கி, பிளானில் இருந்தபடியே சரியான அளவில் சாக்குத் திரை கட்டி அறைகள் பிரித்தார். துரையின் ஓவியங்களில் சிலவற்றைத் தொங்கவிட்டார். எழுதிக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஞானேஸ்வரியையும், துணைக்கு அவள் அப்பாவையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். ஷுக்ரியும் வந்தார். இனி ஒரு சாக்கும் சொல்ல முடியாதபடி நேரில் நின்று பிளானைக் கையோடு வாங்கிப்போக வந்ததாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, விடியவே வேலைக்கு ஆள் எண்ணி எடுக்கிற பெரட்டு இல்லாத நாள். கங்காணி வீரய்யா லயம் லயமாகச் சொல்லி வைத்திருந்தார். சனம் தலைவாரி, பூ வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தது. வந்த சனம் முதலில் என்ன செய்தது என்றால், தொழிற்சாலை வாசலில் இருந்த பீலித் தண்ணீரில் கால் கழுவியது. ஏதோ பெரிய இடம், நல்ல இடம் என்று சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அழுக்குக் காலோடு யார் போவார்கள்? கழுவிய ஈரக்காலோடு படியேறிப் பலகைத் தரையில் நடந்தார்கள். ஈரத்துக்குப் பயந்து இரண்டு மழைக்காலம் செலவழித்த மனிதர் வாசலில் நின்று, ஈரம் இருநூறு காலில் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வாசலில் ஒரு கால்துடைப்புச் சாக்கோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு ஞானேஸ்வரியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார். ஈரக்காலடிகள் எல்லாம் வாசலில் இடக்கைப் பக்கம் திரும்பிப் போயிருந்தன. ஒரு காலடிகூட வலக்கைப் பக்கம் போகவில்லை. சனம் விறாந்தை என்று பிரித்திருந்த பக்கத்தில் புகுந்து, இருட்டறைகளில் கண் தெரியாமல் தட்டுத்தடுமாறி, கடைசி ஓவியத்தில் தொடங்கி முதல் ஓவியத்தில் முடித்துக்கொண்டு வெளியே வந்தது.

இரகுநாதன் ஒரு பெண்ணை நிறுத்தினார். பெரியாயி என்று பெயர். கொழுந்தெடுக்கிறவள், வாய்த் துடுக்கு உள்ளவள். அந்தப் பக்கமாகப் போங்கோ என்று மரியாதையாக வலக்கைப் பக்கத்தைக் காட்டினார்; அப்படிப் போனால் நடு முற்றம் ஆளுக்கு இடக்கைப் பக்கம் வரும்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், விளையாடுகிறாரா என்று. “அப்படி எடப்பக்கமா சுத்துறது சுடுகாட்டுலதானுங்கய்யா,” என்றாள். “நீங்க யாரையும் தூக்கி வச்சிருக்கீங்களா உள்ளுக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஷுக்ரிதான் அதிகம் சிரித்தார். இரகுநாதன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய் வலம் வருகிறவர். பிணத்தைச் சுற்றுவது எப்படி, சாமியைச் சுற்றுவது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மேசையில் குனிந்து அம்புக்குறி போட்டபோது கைக்கு வந்தது சஞ்சிகையில் இருந்த வழிதான். அந்தப் பிளானைக் கந்தோரின் பெரிய எஞ்சினியர் பார்த்தார், சபையில் இருந்த கோவில் தருமகர்த்தா பார்த்தார், ஞானேஸ்வரி இரண்டு பாஷையில் அடித்தாள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில், வாசலில் அம்புக்குறி போட்டு ஒரு பலகை வைத்தால் போதும் என்று அப்பா சொன்னார். ஓவியத்தைப் பார்க்க வருகிறவனை வாசலிலேயே திருத்துகிற இடத்துக்கு அவன் இரண்டாம் முறை வரமாட்டான் என்றார் இரகுநாதன். பிளானை மாற்ற வேண்டும், கொஞ்ச நாள் பிடிக்கும் என்றார். ஷுக்ரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யா அல்லா என்று மெல்லச் சொன்னார். ஞானேஸ்வரி இன்னும் எத்தனை பக்கம் திருப்பி அடிக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்கினாள்.

கொஞ்ச நாள் கார்த்திகையைத் தாண்டியது. வலம் வருகிற வழியையும் விடாமல், கிழக்குச் சுவரையும் விடாமல், வெளிச்சத்தையும் விடாமல் இரகுநாதன் கீறிக்கீறி அழித்தார். வருஷம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது பெரிய எஞ்சினியர் பொறுமை இழந்து அவருடைய மேசைக்கு வந்தார். பழைய பிளானைக் கீறியிருந்த மெழுகுத்துணியை எடுத்தார். வெளிச்சம் ஊடுருவுகிற துணி அது. இந்தப் பக்கம் கீறிய கோடு அந்தப் பக்கமும் தெரியும். அதை அப்படியே மறுபக்கம் புரட்டிப் போட்டார். வலம் இடமானது, இடம் வலமானது. சனம் இடக்கைப் பக்கம் திரும்பினால் இருட்டறை வரிசை, கடைசியில் விறாந்தை. இதற்கா இத்தனை மாதம் என்று கேட்டார்.

கிழக்கும் மேற்காகிவிட்டதே, இரட்டைச் சுவர் மழை இல்லாத பக்கம் போய்விட்டதே, திறந்த விறாந்தை வாடைக்காற்றுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதே என்று இரகுநாதன் சொன்னார். மெழுகுத்துணியைப் புரட்டலாம், மலையைப் புரட்ட முடியுமா என்று கேட்டார். காணி போகட்டுமா என்று எஞ்சினியர் திருப்பிக் கேட்டார். இரகுநாதன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மேசையை விட்டு விலகினார். புரட்டிய துணியிலிருந்து நீலப் படி எடுத்துச் சபைக்கு அனுப்பினார்கள். சபை அன்றைக்கே கையொப்பம் வைத்தது. ஷுக்ரி கந்தோருக்கெல்லாம் தொதல் என்கிற இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இரகுநாதனும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

1961 தையில் நூதனசாலையைத் திறந்தார்கள். கொஸ்லந்தவிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்தது. வாசல் குழாயில் கால் கழுவியது. யாரும் சொல்லாமல் இடக்கைப் பக்கம் திரும்பி, அறைக்கு அறை கண் பழகி, முற்றத்தை வலம் வந்து, பிள்ளைகளைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. அதைப் பார்க்க இரகுநாதன் இருக்கவில்லை. இரண்டு மழை போனது. கிழக்குச் சுவர் உள்ளே வேர்த்து வழிந்தது. விறாந்தையால் சாரல் அடித்தது. துரையின் ஓவியங்களில் ஆகாயம் இருந்த இடமெல்லாம் பூஞ்சணம் பூத்தது. கழற்றி இரும்பு அலுமாரிகளில் வைத்துப் பூட்டினார்கள். இப்போதும் தோட்டத்துச் சனம் பதுளைக்கு வந்தால் எட்டிப் பார்க்கும். காலைக் கழுவிக்கொண்டு ஒழுங்காக வலம் வரும். சுவரில்தான் ஒன்றும் இல்லை. மேற்கிலே இரட்டைச் சுவர் மட்டும் எலும்புபோலக் காய்ந்து நிற்கிறது.

இவையெல்லாம் பிந்திய கதை. சுவர்கள் எழும்பிக் கூரை போட்டுக்கொண்டிருந்த 1960 ஆவணியிலேயே இரகுநாதனுக்கு மன்னாருக்கு மாற்றம் வந்துவிட்டது. ரயிலடிக்குக் கந்தோரிலிருந்து நாலைந்து பேர் போனார்கள். குணமணி ஜன்னலோரம் இருந்துகொண்டு, அங்கே சுவர் வேர்க்காதாம், இந்த மனிசன் என்ன செய்து பிழைக்கப்போகுதோ என்று சொல்லிச் சிரித்தா. ஞானேஸ்வரிக்கு அன்று மனதில் இருந்தது ஒன்றுதான். வீட்டுக்குப் போய் அந்தக் கடதாசியைக் கழற்றலாம். மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வரப்போகிறார்கள்.

ரயில் ஊத முதல் அவர் இறங்கி அவளிடம் வந்தார். பையிலிருந்து ஒரு தடித்த கடதாசியை எடுத்தார். சிவப்பு, நீலம், மஞ்சள். வர்ணம் இன்னும் சரியாகக் காயவில்லை.

“பிள்ளை, உங்கட குசினியில இருக்கிறதைக் கழட்டிப்போடுங்கோ, அம்மா பாவம். இதை நூதனசாலையின்ர கிழக்குச் சுவரில, உள்பக்கமாய், ஒருத்தருக்கும் சொல்லாமல் தொங்கவிடுங்கோ. மழை விட்டதும் பார்த்து எனக்கு எழுதவேணும்.” ரயில் ஊதியது. அவர் ஏறவில்லை. “சுவர் காய்ஞ்சுதான் இருக்கு, நான் நினைச்சதுதான் பிழை எண்டாலும், அதையும் மறைக்காமல் எழுதுங்கோ.”